பூட்டி வைத்த நாவல்

"யார் இதுல கை வெச்சது? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!"

நாவல் பிரதியைச் சாப்பாட்டு மேசையில் பொத்தென்று போட்டாள் கதையம்மா. பன்னிரண்டு வருஷமாகக் கதை எழுதுகிறவள் என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. கணவர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏங்க, உங்களைத்தான்! பீரோவுக்கு இன்னொரு சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"ஐயோ, நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்? நான் உன் கதையைப் படிச்சதே இல்லையே!"

அது சத்தியமான வார்த்தை. இத்தனை வருஷத்தில் மனைவியின் புத்தகத்தில் அவர் பார்த்தது அட்டையை மட்டும்தான். அப்படியென்றால் மிச்சம் ஒரே ஆள். கணவரின் தங்கை சிட்டு.

கதையம்மாவுக்கென்று ஒரு முறை உண்டு. நாவலை நோட்டில் எழுதி முடிப்பாள். சிட்டு ஆபீஸ் விட்டு வந்து, அதைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்து அச்செடுத்துக் கொடுப்பாள். கதையம்மா அந்தப் பிரதியைத் திறந்துகூடப் பார்க்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போடச் சொல்லிவிடுவாள். அப்புறம் நாற்பது நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். எழுதினதை மறந்துவிட்டு, யாரோ ஒரு வாசகியாகத் திரும்பி வந்தால்தான் குறை கண்ணில் படும், திருத்த முடியும் என்பது அவள் கட்சி. முதல் இரண்டு நாவல்களும் அப்படி வந்தவைதான். இரண்டும் பரிசு வாங்கின.

இது மூன்றாவது. இன்று காலை பீரோவைத் திறந்து படிக்க உட்கார்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சிட்டு! இங்க வா!"

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள் சிட்டு. "என்ன அண்ணி?"

"ஏழாம் பக்கத்தை எடு. வாய்விட்டுப் படி."

சிட்டு படித்தாள். "'அவள் கண்கள் குளமாயின. அந்தக் குளத்தில் சோகத் தாமரைகள் பூத்துக் குலுங்கின.'"

"சோகத் தாமரையாம்! இதை நான் எழுதுவேனா? சொல்லு! மூணாம் அத்தியாயத்துல ரயிலேறிப் போன மனுஷன், நாலாம் அத்தியாயத்துல வீட்ல உக்காந்து ஷேவ் பண்ணிட்டிருக்கான். நிலாவைப் பத்தி மட்டும் ஆறு பக்கம்! நிலாவுக்கே போரடிச்சிடும்!"

செய்தித்தாள் லேசாகக் குலுங்கியது. கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

கதையம்மா சிட்டுவின் முகத்தையே பார்த்தாள். ஒரு சலனமும் இல்லை. கல்லுளிமங்கி! இவளும் ஒரு காலத்தில் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினவள்தானே? எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அந்த வயிற்றெரிச்சல் எங்கே போகும்? போன வருஷம் பரிசளிப்பு விழா முடிந்ததிலிருந்தே இவள் சரியில்லை. முன்பெல்லாம் டைப் அடிக்கும்போது ஆயிரம் கேள்வி கேட்பாள். இந்தத் தடவை வாயே திறக்கவில்லை.

"வேணும்னே கெடுத்திருக்கே. ஒத்துக்கோ."

"நான் கெடுக்கல அண்ணி."

"பின்னே யாரு? பீரோவுக்குள்ள கிடந்த அந்துருண்டையா?"

"ரெண்டு நாள் டைம் கேட்டுத் திருத்திக்கயேன்," என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"எதைத் திருத்தறது? நல்லா இருந்ததைக் காணோம்கறேன், திருத்தச் சொல்றீங்க! போன ரெண்டு நாவலுக்கும் நான் சிவப்புப் பேனா மூடியைக்கூடத் திறக்கல, தெரியுமா? இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்துச்சுங்க. அவ்வளவு நல்லா இருந்துச்சு." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்குப் பதிப்பாளர் வர்றார். விளம்பரமே வந்தாச்சு. இதைத் தூக்கிக் கொடுத்தா என் பேரு சந்தி சிரிச்சிடும்."

சிட்டு தன் அறைக்குப் போனாள். கயிற்றால் கட்டிய ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதைப் பழைய பேப்பரோட போடச் சொன்னேனே?"

"போடல அண்ணி. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்."

வசமாக மாட்டினாள் என்று நினைத்துக்கொண்டே கதையம்மா முதல் நோட்டை வெடுக்கென்று பிரித்தாள். சரசரவென்று புரட்டினாள். அவளுடைய அதே சாய்ந்த கையெழுத்து. சோகத் தாமரைகள் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தன. ரயிலேறினவன் வீட்டில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தான். நிலா, நோட்டில் பதினோரு பக்கம்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். கணவர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார்.

"அப்போ... நீ இதுல எதுவுமே பண்ணலையா?" என்றாள் ஈனஸ்வரத்தில்.

"இல்ல அண்ணி. பரிசு வாங்கின மேடையில, 'என் எழுத்துல இன்னிக்கு வரைக்கும் இன்னொருத்தர் கை பட்டதே இல்ல'ன்னு பேசினீங்க. முதல் வரிசையில உக்காந்து நானும் கை தட்டினேன்," என்றாள் சிட்டு. "முதல் ரெண்டு நாவலையும் வரிக்கு வரி மாத்தி எழுதினேன். இந்த ஒண்ணுலதான் நான் கையே வெக்கல."