சுகருக்கு வந்தவங்க

சௌந்தரபாண்டியன் சாரோட ஹேண்ட்பேக்குக்குள்ள இன்சுலின் பேனாவுக்கு ஒரே நடுக்கம். கீழ லக்கேஜோட தள்ளிட்டா குளிர்ல உறைஞ்சுபோயி, அப்புறம் ஒண்ணுத்துக்கும் ஆகாதே!

ஏர்போர்ட் ஸ்கேனர் உறுமுச்சு. "உள்ள என்னமோ தளும்புது. யாருடா நீ?"

"சுகருக்கு வந்தவன்ணே. சௌந்தரபாண்டியன் சார்கூடவே இருக்கணும்."

பக்கத்துல நெய் மினுங்க உட்கார்ந்திருந்த மைசூர்பாகு டப்பா துள்ளுச்சு. "அண்ணே, நானும் சுகருக்குத்தான்!"

பேனா சீறுச்சு. "அடிப்பாவி! நான் சுகரை இறக்குறவன்டி!"

"நான் ஏத்துறவ! நான் ஏத்தாம நீ எதைடா இறக்குவ?"

ஸ்கேனருக்குத் தலை சுத்திருச்சு. "ஐயோ சாமி, புருஷன் பொண்டாட்டியப் பிரிச்ச பாவம் எனக்கெதுக்கு? ரெண்டு பேரும் சேர்ந்தே போய்த் தொலைங்க!"

பிளேன் மேல ஏறி நிதானமாச்சு. சார் டப்பாவத் திறக்குற சத்தம் கேட்டதும் பேனா பெருமூச்சு விட்டுச்சு.

"வேலைய ஆரம்பிச்சுட்டா மகராசி!"