உள்ளூரில் தெரிந்த ஆள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த பர்வேஸின் செல்போன் கடையில், நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தயாளன் உட்கார்ந்தான்.

"என் அமெரிக்கா போன் இங்க வேலை செய்யல. சிம்மோட ஒரு போன் குடு. இந்த ஊர்ல நல்லதுன்னு ஏதாவது இருந்தா."

பர்வேஸுக்கு ஒரு பதில் வாய்வரை வந்தது. வியாபாரமாச்சே என்று விழுங்கிக்கொண்டான்.

"ஆதார் குடுங்க சார்."

"அதெல்லாம் உங்களுக்கு. நான் அமெரிக்கா சிட்டிசன்."

"அப்டீன்னா பாஸ்போர்ட்டோட, உள்ளூர்ல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் குடுக்கலாம்னு சொல்லணும் சார்."

"என்ன பேஜார்டா இது! மனை பார்த்துட்டு நாளைக்கே கிளம்பறவன்டா நான்." எரிச்சலோடு ஒரு நம்பரைச் சொன்னான். "ஏகாம்பரம், பக்கத்துல திருப்புலிவனம். எங்கப்பா. என் பேரு தயாளன். சும்மா எழுதிக்கோ, கூப்பிடாத."

அதற்குள் பர்வேஸ் கூப்பிட்டுவிட்டான். ஸ்பீக்கரில் பெரியவர் குரல் கேட்டதும் பர்வேஸ் சொன்னான்:

"நைனா, செல் கடை பர்வேஸ். உங்க புள்ள தயாளன் சிம் வாங்க வந்துகீறாரு. குடுக்கலாமா?"

"இன்னா பாய், வெளையாடறியா? லீவு கெடைக்கல, இந்த வருசமும் வரமுடியாதுன்னு போன வாரந்தான் சொன்னான். அவன் அமெரிக்காவுல தூங்கிக்கினு கீறான். எவனோ என் பேரச் சொல்லி ஏமாத்தறான். அந்த நாயிக்குக் குடுக்காத, வெரட்டி வுடு!"

"பேசறீங்களா சார்?" பர்வேஸ் போனை நீட்டினான்.

தயாளன் அவசரமாக வேண்டாமென்று கையை ஆட்டினான்.

பர்வேஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"சரி நைனா. வெரட்டிடறேன்."