சிவப்புக் கோடு

வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் விடியல் இப்போதுதான் இறங்குகிறது. முதல்தடவை யாழ்ப்பாணம் போகப்போகும் மோட்டார் சைக்கிளின் அருகில் ஹம்சிகா குந்தியிருந்து ஒவ்வொரு நட்டாகப் பார்க்கிறாள். நேற்றுப் பின்னேரம் எல்லா நட்டையும் இறுக்கி, நட்டிலிருந்து சட்டம்வரை கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் சிவப்புக் கோடு இழுத்து, கொச்சிக்கடைவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தவள். நட்டு அசைந்தால் கோடு உடையும். "ஒரு கோடு ஒடஞ்சிரிந்தாலும் நான் பஸ்ஸுலதான் வருவேன்" என்று, பின்னால் ஏறவேண்டிய கூட்டாளி ஷிஹாரா பையை இறக்காமலே நிற்கிறாள். கரையோர ரயில் கடக்க நிலம் அதிர்கிறது. முன்சில்லு சரி. ஹாண்டில் சரி. பின்சில்லு நட்டில் கோடு இரண்டாகி விலகி நிற்கிறது. ஒளிக்க மனம் வரவில்லை. "உடைஞ்சிட்டுதடி." ஷிஹாரா குனிந்து பார்க்கிறாள். ஹம்சிகா ஸ்பானரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறாள். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு நிமிர்ந்தால், ஷிஹாரா கியூட்டெக்ஸ் மூடியைத் திறந்து வைத்திருக்கிறாள். புதுக் கோட்டை அவளே இழுத்து, ஊதிக் காயவைத்து, ஹெல்மட்டை மாட்டுகிறாள். "அப்ப பஸ்?" "பஸ்ஸுல யாரு கோடு போட்டு வெச்சிரிக்கா? ஏறி ஸ்டார்ட் பண்ணு!"