திரையில் ஒரு மோதல்

மாலை வெயில் கணினித் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அன்புக்கரசி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். திரையில் ஓடும் ஒத்திகையில் பம்பு ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு மெல்லச் சுழல, கட்டர் எங்கும் இடிக்காமல் செதுக்கிக்கொண்டே போகிறது. நாலடி தள்ளி, அசல் மெஷினில் அசல் ஷாஃப்ட் காத்திருக்கிறது. பச்சைப் பொத்தான்மேல் ஆபரேட்டர் ஆறுச்சாமியின் விரல். “ஓட்டிப்போடட்டுங்களா அம்மணி? ஷாஃப்ட் ஆடுச்சுங்க, அந்தக் கோடியில ஒரு முட்டு குடுத்துப்போட்டேன்.” “இருங்கண்ணா, தொட்ராதீங்க!” அந்த முட்டையும் திரையில் வரைந்து அவள் மறுபடி ஓட்டுகிறாள். மூன்றாம் சுற்றில் திரை சிவக்கிறது. கட்டர் நேரே போய் முட்டில் மோதுகிறது. ஆறுச்சாமி விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். “நல்ல வேளைங்க.” அன்புக்கரசி மூச்சை விட்டு, இன்னொரு முறை மோதவிட்டுப் பார்க்கிறாள். திரையில் எத்தனை முறை மோதினாலும் சத்தமே இல்லை.