வேலைக்கு வராத இரண்டு பேர்

"மிஸ்ஸிங்னா காணாமப் போறதுதானேப்பா? வண்டி இங்கதானே இருக்கு?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். இதே வண்டியின் பின் சீட்டில், கொதிக்கும் காய்ச்சலோடு கேட்டாள். அவள் தலையை மடியில் வைத்திருந்த அப்பா, "என்ஜின்ல நாலு பேர் சேர்ந்து பாடறப்போ ஒருத்தன் மட்டும் வாயை மூடிக்கிட்டா எப்படி இருக்கும்? அதான் மிஸ்ஸிங்" என்று சொன்னார்.

இன்று அதே வண்டி ஷெட்டில் நின்றபடியே குலுங்கிக்கொண்டிருந்தது. சைலன்சர் பட் பட்டென்று வெடித்தது. அவர் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார். மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சொன்னபோதெல்லாம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

"மணி ரெண்டேகால் ஆச்சுங்க."

"தெரியுது. காலை எடுக்காதே."

மூன்று மணிக்காவது கிளம்பினால்தான் ஆறு மணிக்குள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை எட்ட முடியும். பாப்பாவின் இதயத்தில் ஓட்டை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி, நாளைக் காலை. இன்று ஆறு மணிக்குள் சேர்க்காவிட்டால் அந்த இடம் வேறொரு குழந்தைக்குப் போய்விடும். அடுத்த தேதிவரை பாப்பா தாங்குவாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஊரில் பஸ் ஓடவில்லை. பஸ்காரர்களோடு சேர்ந்து வாடகைக் கார்க்காரர்களும் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

"ஸ்டிரைக்குன்னு சங்கத்துல முதல் கை தூக்கினது யாரு?" என்றாள் மனைவி.

அவர் பஸ் டிப்போ மெக்கானிக். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு முதல் பிளக்கின் ஒயரை உருவினார். என்ஜின் அணையப் பார்த்தது. சட்டென்று திரும்பச் சொருகினார். நான்காவதை உருவினார், அப்போதும் அப்படித்தான். இரண்டாவதையும் மூன்றாவதையும் உருவியபோது என்ஜின் கண்டுகொள்ளவே இல்லை.

"நடுவுல ரெண்டு பேர் வேலைக்கு வரல."

"அவங்களும் ஸ்டிரைக்கா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என்ஜினை நிறுத்தச் சொல்லி, அந்த இரண்டு பிளக்குகளையும் கழற்றினார். இரண்டிலும் பெட்ரோல் ஈரம். ஒயரோடு என்ஜின் இரும்பில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். நீலமாக, குறைசொல்ல முடியாதபடி தீப்பொறி பறந்தது.

"பெட்ரோல் வருது. நெருப்பும் வருது. அப்புறம் என்னதான் கேடு இதுக்கு?"

"ஒரு தடவை நல்லாப் பாருங்களேன்."

"எதைப் பார்க்கறது? காலமெல்லாம் டீசல் வண்டியப் பிரிச்சவன் நான். டீசல்ல பிளக்கும் கிடையாது, இந்த ஒயரும் கிடையாது." ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

மனைவி இறங்கி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். மணி இரண்டு நாற்பது. அவர் பக்கத்தில் குந்தினாள்.

"அன்னைக்கு இந்த வண்டி மட்டும் இல்லன்னா, நம்ம பொண்ணு நமக்கு இல்லைங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தூசி படிந்த என்ஜினில் நான்கு ஒயர்கள் மட்டும் புதுசுபோலப் பளபளத்தன. யாரோ நான்கையும் ஒன்றாகக் கழற்றித் துடைத்திருக்க வேண்டும். எழுந்து, ஒவ்வொரு ஒயரையும் அது தொடங்கும் இடத்திலிருந்து பிளக் வரை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"அடப்பாவி. ரெண்டோடது மூணுல, மூணோடது ரெண்டுல. நெருப்பு வருது, ஆனா முறை தப்பி வருது. எவன் பார்த்த வேலை இது?"

"ஏசாதீங்க. வழியில நிக்காம ஓடணும்னுதானே தொடச்சிருப்பாங்க."

பிளக்குகளைப் பூட்டி, ஒயர்களை மாற்றிச் சொருகினார். மனைவி சாவியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லை. 'ஓடிடும்மா' என்று வண்டியிடமே கேட்டாள்.

ஒரே திருப்பு. குலுக்கல் இல்லை, வெடிச்சத்தம் இல்லை. நான்கு பேரும் சேர்ந்து பாடினார்கள். அவர் முழங்கையால் கண்ணைத் துடைக்கப்போய் நெற்றியெல்லாம் கிரீஸாக்கிக்கொண்டார்.

"அணைச்சிடு. வந்துரப் போறாங்க."

பானட்டில் பதிந்திருந்த கைரேகைகளை மனைவி முந்தானையால் துடைத்தாள். சாவி எப்போதும் தொங்கும் ஆணிக்கே போனது. முட்டியைப் பிடித்துக்கொண்டு இருவரும் குட்டைச் சுவரைத் தாண்டி, தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுத் தையற்காரர் தெருவில் வந்தார். வண்டி தேடி அலைந்த களைப்பில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் அவர் மனைவி, தோளில் பாப்பாவைப் போட்டுக்கொண்டு அழுதபடி வந்தாள். வேறு வழியில்லாமல் தையற்காரர் தன் ஷெட்டுக்குள் போய் வண்டிச் சாவியைத் திருப்பினார்.

என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. தையற்காரர் ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பிறகு குரல் கேட்டது: "சாமி கண்ணத் திறந்துட்டாரு. ஏறு, ஏறு."

வண்டி தெருவுக்கு வந்தது. தங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த மெக்கானிக் மனைவியின் கை, தன்னையறியாமல் பாப்பாவுக்கு டாட்டா காட்ட எழுந்தது.

"ஜன்னலைச் சாத்து. அவங்களுக்கும் நமக்கும்தான் ஆறு வருஷமாப் பேச்சே கிடையாதே."