கிளம்பாத வண்டி

சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றியது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை.

"நேத்து வரைக்கும் குதிரை மாதிரி ஓடிச்சு," என்றார் வண்டிக்காரர். பானட்டை விட்டு அவர் நகரவே இல்லை. "தம்பி வீடு வரைக்கும் போகணும். இன்னைக்கே போயாகணும்."

மெக்கானிக் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டார். பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி. சாவி போட்டதுமே சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் முனக வேண்டும். சத்தமே இல்லை.

"அண்ணே, உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் பாருங்களேன்," என்று மறுபடியும் கூப்பிட்டாள் வண்டிக்காரரின் மனைவி.

"வேலை முடியட்டும்மா. கைவச்ச வண்டிய பாதியில விட்டுப் பழக்கமில்ல."

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றாள் அவள் அவசரமாக.

"எலிக்கு இதெல்லாம் கழட்டத் தெரியுமாம்மா?" என்று சிரித்தபடி, தன் பையிலிருந்த ரிலே ஒன்றைச் செருகினார். ஒரே திருகலில் வண்டி உறுமியது.

வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டிச் சீறிக்கொண்டு போனார்.

"பாத்தீங்களாம்மா!" என்று பெருமையோடு திரும்பினார் மெக்கானிக்.

அவள் படியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். விரித்த உள்ளங்கையில், வியர்வையில் நனைந்த பழைய ரிலே.

"அவர் முன்னாடி எப்படிண்ணே சொல்வேன்? பாகப்பிரிவினைச் சண்டை. தம்பியக் கார் ஏத்தியே கொல்லப் போறேன்னு காலைல சத்தியம் பண்ணினாரு."

மெக்கானிக் தன் பைக்கை நோக்கி ஓடினார். தெருமுனைக்கு அப்பால் அந்த இன்ஜின் சத்தம் கேட்டது. துளிகூடத் திக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.