வெள்ளிக்கிழமை இரை

வேறு சாதிப் பெண்ணைக் கட்டிய மகன் சோலைராஜின் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வேலாயுதம் ஊரறியச் சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறாத குடும்பம் அது. மகன் பம்பாய்க்குப் போனான். அவன் வளர்த்த மண்ணுளிப் பாம்பு மட்டும் கரிசல் மண் நிரப்பிய மரப்பெட்டியில் இருந்தது. அவன் கையால் கொடுத்தால்தான் இரை எடுக்கும். ஐந்து மாதம் பட்டினி கிடந்தது.

ஆடியில் தந்தி வந்தது. மகனுக்குக் கருமாதியும் முடிந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், பெட்டிக்கு வெளியே தட்டில் அவன் அம்மா வைத்திருந்த செத்த சுண்டெலியைக் காணோம். மூடிமேல் பாரமாக வைத்த அம்மிக்குழவி வைத்தபடி இருந்தது. உள்ளே பாம்பின் வயிறு புடைத்திருந்தது. அடுத்த மூன்று வெள்ளியும் அப்படியே.

"நீங்க குடுத்தியளா?" என்று மனைவி பத்திரகாளி கேட்டாள்.

"அந்தச் சனியன நான் தொடுவனா?"

"அப்ப அவந்தான் வந்துட்டுப் போறான். கூட இருந்து பாருங்களேன்."

"முகத்துல முழிக்கமாட்டேம்னு சொல்லியிருக்கேம்லா."

"முதுகுக்கு அப்படி ஒண்ணும் சொல்லலியே?"

ஐந்தாம் வெள்ளி உச்சிவேளையில், வேலாயுதம் பெட்டிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் குழவியைத் தூக்கித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மூடி திறந்தது. மண் சரசரத்தது. திரும்பத் துடித்த கழுத்தை அடக்கிக்கொண்டு, நாற்காலிக் கையை இறுகப் பற்றினார்.

"ஏலே," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "நீ சாப்பிட்டியா?"

பின்னால், மூடப்போன மூடி பாதியில் நின்றது.